புதுப்பிப்பு: கூடத்தில் ஈசல் பறந்த வீடு

ஐப்பசியின் முதல் மழைக்கு மறுநாள் மாலை, சன்னல்கள் சாத்தியிருந்தும் கூடத்து விளக்கைச் சுற்றி ஈசல்கள் மொய்த்ததையும், அவை எங்கிருந்து வந்தன என்ற என் ஐயத்தையும் முன்பு எழுதியிருந்தேன். உதிர்ந்த சிறகுகள் பின்கட்டுக் கதவு நிலையின் அடியில் குவிந்திருந்ததே விடையைச் சொல்லிவிட்டது. நான்கு சிறகுகளும் ஒரே நீளம், இடுப்பும் ஒடுங்கவில்லை என்பதால், இறக்கை முளைத்த எறும்பு என்ற பக்கத்து வீட்டு அண்ணாச்சியின் கணிப்பு பொய்த்தது; ஈசல் என்பது சிறகு முளைத்த கறையானே. அந்த நிலையைத் திருப்புளியால் குத்தியதும், வண்ணப்பூச்சுக்குப் பின்னால் மரத்துக்குப் பதிலாக ஈரமண்ணே உதிர்ந்தது. பறந்த ஈசல்களை மருந்தடித்துக் கொல்வதில் பயனில்லை (பெரும்பாலானவை தாமாகவே மடிந்துவிடும்). கூடு மண்ணுக்குள் இருக்கிறது. ஆகவே சுவரோரத் தரையில் துளையிட்டுக் கறையான் மருந்தை நேற்று செலுத்தச் செய்தோம். கறையான்கள் தாம் போய்வர மண்ணால் கட்டும் குழாய்களில் ஒன்றை மட்டும் பாதி உடைத்து விட்டுவைத்திருக்கிறேன். அந்த உடைப்பு மீண்டும் அடைபட்டால் கறையான் இன்னும் நடமாடுகிறது என்று பொருள்.