ஊழியம் நிறைய, மகிழ்ச்சி ஏன் இல்லை?

கேள்வி (வட்டுக்கோட்டை):
ஞாயிறு பாடசாலை, முதியோர் இல்லத்துக்கான மதிய உணவு, பாடகர் குழு என்று 12 ஆண்டுகளாக ஓடியும், வீடு திரும்பும்போது ‘இன்று போதுமானதைச் செய்தேனா’ என்ற அச்சமே மிஞ்சுகிறது. விசுவாசத்தில் மகிழ்வது எப்படி?

மறுமொழி (நல்லூர்):
சகோதரி, பிசாசுகளும் தமக்குக் கீழ்ப்படிவதாக மகிழ்ந்து திரும்பிய 70 சீடர்களிடம், அதற்காக அல்ல, தங்கள் பெயர்கள் பரலோகத்தில் எழுதப்பட்டிருப்பதற்காகவே மகிழும்படி இயேசு சொன்னதை வேதாகமத்தில் லூக்கா 10ஆம் அதிகாரத்தில் வாசியுங்கள். எழுதப்பட்ட பெயர் உங்கள் களைப்பினால் அழிவதில்லை.

மறுமொழி (பருத்தித்துறை):
இரட்சிப்பு (மீட்பு) கிரியைகளினால், அதாவது நம் செயல்களினால், உண்டானதல்ல என்று எபேசியர் 2:9 கூறுகிறது. நற்கிரியைகளுக்காகவே படைக்கப்பட்டோம் என்று அடுத்த வசனம் கூறுகிறது. முதலில் இரட்சிப்பு, பிறகு நற்கிரியை என்ற இந்த வரிசையை மாற்றிக்கொண்டே நானும் பல காலம் சோர்ந்திருந்தேன்.

கேள்வி கேட்டவர்:
நன்றி, ஐயா. நாளை உணவுப் பொதிகளைக் கட்டுமுன் சற்று ஜெபத்தில் அமர்ந்திருப்பேன்.