கடை பேன்கேக்கா, ஊட்ல சுட்டதா? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

பெருந்துறை_அம்மிணி:

போன மாசம் பையனுக்கு 7 வயசு முடிஞ்சுதுங்க. கேக் வேண்டாம், பேன்கேக் தான் வேணும், அதுவும் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி பாகு வழியோணும்னு ஒரு வாரமா அதே நாயம். எனக்கு அந்த வாரம் மில்லுல கணக்கு முடிக்கற வேலை, ஊட்டுக்கு வர்றதே ராத்திரி எட்டாயிருது, சரின்னு வர்ற வழில பைபாஸ் பெட்ரோல் பங்க்குல இருக்கற கடைல நாலு பாக்கெட் வாங்கிட்டு வந்துட்டேன். உங்களுக்கே தெரியும், ரெண்டு ரெண்டா ஒட்டிக்கிட்டு நடுவுல சாக்லேட் தடவி வருமே அதுதான். சாக்லேட்ட வழிச்சு எடுத்துட்டு, தோசைக்கல்லுல சூடு பண்ணி எட்டையும் அடுக்கி தேன் ஊத்தி மெழுகுவர்த்தி வெச்சேன். போட்டோல பாத்தா நெம்ப அழகா இருக்குதுங்க.

புள்ள ஒரு வாய் வெச்சான், மென்னுட்டே என்னையப் பாத்தான். அப்பறம் பக்கத்துல வந்து காதுல "அம்மா, இது பன்னு"ன்னான். அழுகலை, அடம் பண்ணலை. ஒறம்பரை எல்லாம் நிக்கறாங்கன்னு அவனுக்கே தெரிஞ்சிருக்குது பாருங்க. மிச்சத்தையும் பொட்டாட்டம் தின்னு முடிச்சான்.

அடுத்த ஞாயித்துக்கெழமை மைதா, பால், முட்டை எல்லாம் வாங்கி ஊட்லயே சுட்டேன். ஸ்டூல் போட்டு ஏறி நின்னுக்கிட்டு மாவுல குமுளி வர்றத எண்ணுனான், 23 வரைக்கும் எண்ணுனான். மொத ஒண்ணு கருகிப் போச்சு, அதையும் விடலை. ஆனா பொறந்த நாளன்னிக்கு அந்தப் பாக்கெட்டத் தானே குடுத்தேன்னு இன்னும் மனசுக்குள்ள அறுத்துட்டே இருக்குது. உங்களுக்கு யாருக்காச்சும் இப்பிடி ஆச்சுங்களா?

பீளமேடு_பையன்:

அக்கா, கோவிச்சுக்காதீங்க, நான் கடை பேன்கேக் பக்கம் தானுங்க. 2019ல கம்பெனி வேலையா ஒசாகால 8 மாசம் இருந்தேன். அங்க தெருவுக்குத் தெரு கொன்பினின்னு சின்ன மளிகைக் கடை, 24 மணி நேரமும் தொறந்திருக்கும், நான் கறி மீனு தொடாதவன், முட்டை மட்டும் சாப்பிடுவேன், பாக்கெட்ல என்ன எழுதியிருக்குதுன்னு படிக்கத் தெரியாது. படத்தப் பாத்தே வாங்கலாம்னு இருந்தது ரெண்டு பேன்கேக்குக்கு நடுவுல மேப்பிள் பாகும் மார்ஜரினும் தடவுன பாக்கெட் தான். ஜனவரி மாசம் காலைல ஆறு மணிக்கு ஸ்டேஷன்ல நின்னுக்கிட்டு அதைத் தின்பேன். குளுருக்கு மார்ஜரின் மெழுகு மாதிரி பல்லுல ஒட்டும். வயித்துக்கு வேணுமேன்னு முழுங்கறது தான்.

ஒரு நாளைக்கு கூட வேலை செய்யற ஜப்பான்காரர் ஒருத்தர் நான் அப்பிடித் திங்கறதப் பாத்துட்டு, ஒண்ணும் பேசாம கைல இருந்து வாங்கி ஆபீஸ் மைக்ரோவேவ்ல ஒரு 20 செகண்ட் வெச்சுக் குடுத்தாரு. மார்ஜரின் உருகி உள்ள எறங்கி, மெத்துனு ஆகி, அந்த ரூமே நம்மூரு பேக்கரில பொழுதோட பன்னு எடுக்கறப்ப வருமே அந்த வாசம். கண்ணு கலங்கிருச்சுங்க எனக்கு. வந்தப்பறம் அம்மா எத்தனையோ தடவை சுட்டுக் குடுத்துட்டாங்க, நல்லாத்தான் இருக்குது, ஆனா அந்த 20 செகண்டு ருசி இன்னும் வர்லீங்க.

ஊத்துக்குளிக்காரன்:

தம்பி சொல்றத என்னால ஒத்துக்க முடியலீங்க. மார்ஜரின்ங்கறது எண்ணெயக் கெட்டி பண்ணி வர்றது, அது வெண்ணெய் ஆகாது. எங்கூரு வெண்ணெய் வாங்கறதுக்குன்னே ஈரோடு கோயமுத்தூர் வண்டில வந்து எறங்கி வாங்கிட்டுப் போறவங்க இருக்கறாங்க, அத ஒரு தடவை சூடான பேன்கேக் மேல வெச்சுப் பாத்துட்டு அப்பறம் சொல்லுங்க.

எனக்கு நடந்தது வேற. அம்முச்சிய ஆசுபத்திரிக்குக் கூட்டீட்டுப் போயிட்டு வர்றப்ப பசிக்குதுன்னாங்க, 84 வயசு, மதியம் மூணு மணி, வழில வேற ஒண்ணும் தொறந்திருக்கலை. கடைல இந்தப் பாக்கெட் ஒண்ணு வாங்கி, மெதுவா இருக்குது பல்லு வேண்டாம்னு குடுத்தேன். மோந்து பாத்துட்டு "இத எப்பக் கண்ணு சுட்டாங்க?"ன்னாங்க. நானும் திருப்பித் தேதியப் பாத்துட்டு "9 நாளாச்சு அம்முச்சி"ன்னு சொல்லித் தொலைச்சேன். ஒண்ணும் சொல்லலை, தின்னாங்க. தின்னுட்டு முந்தானைல கையத் தொடச்சாங்க, தொடச்சுக்கிட்டே இருந்தாங்க, அந்தப் பிசுபிசுப்பு போகவே இல்ல, ஊடு வந்து சேர்ற வரைக்கும் விரலத் தேச்சுட்டே வந்தாங்க.

சின்னதுல எங்களுக்கு அவங்க சுட்டுக் குடுத்ததெல்லாம் கோதுமை மாவுல கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரையும் ஏலக்காயும் போட்டு, கனிஞ்ச பழம் ஒண்ணப் பிசைஞ்சு விட்டு, வெண்ணெய்ல வாத்த தோசை. அதுக்கு யாரும் பேன்கேக்னு பேரு வெக்கலை. அந்த ஆசுபத்திரிக்கப்பறம் அவங்க வெளிய எங்கயும் வர்லீங்க. நான் வெளிய கடைசியா வாங்கிக் குடுத்தது அந்தப் பாக்கெட் தான்.

வடவள்ளி_அக்கா:

அம்மிணி, நான் மொதமொதல்ல சுட்டப்ப நாத்தனார் ஊட்ல இருந்து வந்தவங்க முன்னாடி வட்டல்ல வெச்சேன், கரண்டில வெட்டுனா வெட்டுப்படலை, ரப்பர். அவ்வளவு தான் என் கதை. ஆனா உங்களுக்கு மொத ஒண்ணு கருகிப் போச்சுன்னு படிச்சதும் சொல்லாம இருக்க முடியலை, கேட்டுக்கங்க.

மாவைப் போட்டு அடிக்காதீங்க. தோசை மாவு மாதிரி வழவழன்னு வரோணும்னு நம்ம கை தானா கலக்கிட்டே இருக்கும், அதுதான் தப்பு, மைதாவை அடிக்க அடிக்க பசைத்தன்மை ஏறி ரப்பராயிரும், அங்கங்க கட்டி இருந்தாலும் விட்டுருங்க. ஒரு கப் மைதாவுக்கு ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், முக்கால் கப் பால், ஒரு முட்டை, ரெண்டு ஸ்பூன் உருக்குன வெண்ணெய், சர்க்கரை உங்க இஷ்டம், உப்பு ஒரு சிட்டிகை. பாலுக்குப் பதிலா மோர் ஊத்துனா சமையல் சோடா போடலாம், மோருல புளிப்பு இருக்கறதால சோடா பொங்கும், வெறும் பாலுல சோடா போட்டா பொங்காது, சோப்பு வாடை தான் அடிக்கும், இது தெரியாமத்தான் பாதிப் பேரு ஊட்ல நல்லா வர்லைன்னு கடைக்குப் போறாங்க. கலக்கி 10 நிமிசம் அப்பிடியே வெச்சுருங்க. கல்லுல தண்ணி தெளிச்சா உருண்டு ஓடோணும், உடனே அடுப்பைக் கொறச்சுருங்க, தோசைக்கு வெக்கற தீயில வெச்சா மேல கருகும் உள்ள பச்சை மாவு, உங்களுக்கு ஆனது அதுதான். ஊத்துனதும் கரண்டில பரப்பாதீங்க, அதுவா வட்டமாகட்டும். தம்பி எண்ணுனானே குமுளி, அது வந்தா பத்தாது, ஒடைஞ்சு அந்த ஓட்டை மூடாம நிக்கோணும், ஓரம் பளபளப்பு போயி மங்கோணும், அப்பத் திருப்புங்க. ஒரே தடவை தான். திருப்பிப் போட்டப்பறம் அமுக்கவே அமுக்காதீங்க, உள்ள இருக்கற காத்து போச்சுன்னா எல்லாம் போச்சு. மிச்சமானா ஃபிரிட்ஜ்ல சும்மா வெச்சா விறைச்சுப் போகும், ஃப்ரீசர்ல வெச்சுட்டு வேணுங்கறப்ப நேரா கல்லுல போட்டுச் சூடு பண்ணிக்கங்க, வேலைக்குப் போற உங்களுக்கு இதுதான் வசதி, பொறந்த நாளுக்கு முந்தின வாரமே சுட்டு வெச்சுக்கலாம்.

பெருந்துறை_அம்மிணி:

நன்றிங்க அக்கா. நான் ரெசிப்பி கேட்டு எழுதலீங்க, ஆனாலும் அந்த ஃப்ரீசர் விசயம் ஒரு மாசம் முன்னாடி தெரியாமப் போச்சேன்னு இருக்குது.

கரூர்_கெமிஸ்ட்ரி:

9 நாளானா கெட்டுப் போச்சுன்னு அர்த்தமில்லீங்க ஊத்துக்குளி அண்ணா. பாக்கெட் பின்னாடி ஐ.என்.எஸ். 202, 282னு, உள்ள சேக்கற பொருளுக்கான நம்பர் இருக்கும், பொட்டாசியம் சார்பேட், கால்சியம் புரோப்பியனேட், ரெண்டும் பூஞ்சை புடிக்காம இருக்கறதுக்கு, அனுமதிச்ச அளவுல போடறது தான். 422 போட்டிருந்தா அது கிளிசரின், ஈரம் காயாம புடிச்சு வெக்கும். அம்முச்சி கைல ஒட்டுனதுக்குப் பாகோட அதுவும் சேர்ந்திருக்கலாம். தம்பிக்குச் சூடு பண்ணதும் மெத்துனு ஆனதுக்கும் காரணம் இருக்குதுங்க, ஆறுன மாவுல ஸ்டார்ச்சு விறைச்சு நிக்கும், சூடு ஏறுனா மறுபடி எளகும், ஆறுனா திரும்ப விறைச்சுரும், ஆபீஸ்ல உடனே தின்னதால தான் அந்த ருசி. பொருள் மோசமில்லைங்கறது தான் என் கட்சி. ஆனா அளவுக்கு மீறி இனிப்பு, அத ஒத்துக்கறேன், என் பொண்ணு ரெண்டு பாக்கெட் தின்னுட்டு ராத்திரிச் சோறு வேண்டாம்னு படுத்துட்டா, அன்னிக்கோட நிறுத்திட்டேன்.

ஊத்துக்குளிக்காரன்:

கெட்டுப் போச்சுன்னு நான் சொல்லவே இல்லீங்க சார். எப்பச் சுட்டதுன்னு அவங்க கேட்டாங்க, அதுக்கு நான் நாளை எண்ணிச் சொல்ற மாதிரி ஆயிருச்சு, அதைத்தான் சொன்னேன். அவங்களுக்கு அது 202 இல்ல, 9 நாளு.

சங்ககிரி_நைட்ஷிப்ட்:

நான் பைபாஸ்ல இந்த மாதிரி ஒரு கடைல தான் ராத்திரி வேலை பாக்கறேன், நீங்க சொல்ற பாக்கெட்டெல்லாம் ரேக்குல அடுக்கறவன் நான் தான். இங்க லாரிக்காரங்க எச்சு. ரெண்டரை மணி மூணு மணிக்கு வருவாங்க, ஓட்டல்ல உக்காந்தா தூக்கம் வந்துரும்னு இதுல ரெண்டு வாங்கி ஒரு டீயோட வண்டிலயே தின்னுட்டுப் போயிருவாங்க. ஒருத்தரு வாராவாரம் வருவாரு. அவருக்கு மிச்சம் சில்லறை குடுக்க மறந்துட்டேன்னு ஒரு நாளைக்கு ஓடுனேன், கேபின் கதவு தொறந்திருந்துச்சு. பாக்கெட்டப் பிரிச்சு ஒண்ணுல பாதியப் பிச்சு டேஷ்போர்டுல இருக்கற சாமி படத்துக்கு முன்னாடி வெச்சுட்டு, கும்பிட்டுட்டு, அப்பறம் தான் வாயில வெச்சாரு. நான் நின்னது அவருக்குத் தெரியாது. சில்லறையக் குடுக்காமயே திரும்பி வந்துட்டேன், அடுத்த வாரம் தான் குடுத்தேன். ஊட்ல சுட்டது தான் ஒசத்தின்னு எல்லாரும் சொல்றீங்க, சரிதான், எங்கம்மா சுட்டாலும் எனக்கு அதுதான். ஆனா அந்த நேரத்துல அவருக்கு யாரு சுட்டுக் குடுப்பாங்க?

பீளமேடு_பையன்:

சங்ககிரி அண்ணா, நான் சொல்ல வந்ததும் அதுதானுங்க, எனக்குச் சொல்லத் தெரியலை.

ஊத்துக்குளி அண்ணா, வெண்ணெய் வாங்கிட்டு வந்துட்டேன். மேப்பிள் பாகுன்னு இங்க கடைல கேட்டா பாதி பாட்டில்ல சோளப் பாகுல வாசனை சேத்தது தான் இருக்குது. நெசமானது ஒரு லிட்டர் வேணும்னா சுமார் 40 லிட்டர் மேப்பிள் மரத்துச் சாறு காச்சோணுமாம், அப்பறம் வெலை எப்பிடி கொறயும். அதனால நாட்டுச்சர்க்கரைய பாகு காச்சி ஊத்தலாம்னு பாத்தேன், அடியில கசடு நிக்குது, பல்லுல நறநறங்குது. என்ன பண்றதுங்க?

ஊத்துக்குளிக்காரன்:

கொஞ்சமாத் தண்ணி விட்டு சர்க்கரை கரையற வரைக்கும் மட்டும் சூடு பண்ணி, வெள்ளைத் துணில வடிகட்டிருங்க தம்பி. அப்பறம் போசியக் கழுவிட்டு மறுபடி ஊத்திக் காச்சுங்க. கம்பிப் பதம் வேண்டாம், ஆறுனாக் கட்டியாயிரும், விரல்ல தொட்டா ஒட்டற பதம் போதும். ஒரு ஏலக்காயத் தட்டிப் போடுங்க. அம்மாவுக்கும் ஒண்ணு சுட்டுக் குடுங்க.