கலைச்சொல் தேவை: இரைச்சல் குறைக்கும் விரிப்புகளுக்கு

நண்பர்களுக்கு வணக்கம்.

1959-இல் வந்த பழைய மினி காருக்குத் தமிழில் பராமரிப்புக் கையேடு தயாராகிறது. எஞ்சின் இரைச்சலைக் குறைக்கும் பகுதியில் ‘டேம்பிங் ஷீட்’, ‘பேரியர்’, ‘அப்சார்பர்’ என மூன்று பொருள்கள் வருகின்றன. வரைவில் மூன்றுமே ‘ஒலித்தடுப்பு விரிப்பு’ என்று இருக்கின்றன. டேம்பிங் ஷீட்டுக்கு ‘ஒலித்தடை’ சரியாகுமா?

--------

> டேம்பிங் ஷீட்டுக்கு ‘ஒலித்தடை’ சரியாகுமா?

வேண்டாம் ஐயா. அது ஒலியைத் தடுப்பதே இல்லை. வண்டியின் உலோகத் தகடு அதிரும்போது அந்த ஆற்றலை வாங்கி வெப்பமாக்குகிறது, அவ்வளவுதான். ஒலிக்கும் மணியைக் கையால் பிடித்தால் நாதம் அடங்குகிறதல்லவா? ‘அடங்கு’ என்ற வினை இருக்கும்போது வேறெங்கும் தேட வேண்டியதில்லை: அதிர்வடக்கி.

பெயர் பிசகினால் வேலையும் பிசகும். ‘தடை’ என்று படிப்பவர் இண்டு இடுக்கு விடாமல் தரை முழுக்க ஒட்டுவார். அலுமினியத் தாள் போர்த்திய 2 மி.மீ. பியூட்டைல் (ஒரு வகை ரப்பர்) விரிப்பு, தகட்டின் நடுவே கால் பங்கு பரப்பை மூடினாலே பெரும்பகுதிப் பலன் கிடைத்துவிடும். விரலால் தட்டிப் பாருங்கள்: ‘டங்’ என்றது ‘டொக்’ என்று மாறினால் நிறுத்திக்கொள்ளலாம். அதற்கு மேல் ஒட்டுவது வெறும் எடை. ஒட்டுமுன் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் எண்ணெய்ப் பசை போகத் துடைக்க வேண்டும். உருளையால் அழுத்தித் தாளின் மேல் உள்ள புடைப்பு மட்டமாக வேண்டும். அடியில் காற்று தங்கினால் அந்த இடம் அடங்காது, ஈரம் புகுந்து துருவும் பிடிக்கும். தரையிலும் கதவின் அடியிலும் உள்ள வடிகால் துளைகளை மூடிவிடக் கூடாது.

--------

அதிர்வடக்கியை வழிமொழிகிறேன். சைலன்சரை ‘ஒலியடக்கி’ என்று எழுதுபவர்கள் உண்டு. ஆனாலும் முன்னொட்டு ‘அதிர்வு’ என்பதால் குழம்பாது.

‘தடை’யை பேரியருக்கும் தர வேண்டாம் என்பது என் கருத்து. பள்ளி இயற்பியலில் ‘தடையுறு அலைவுகள்’ என்பது டேம்பிங்கைத்தான் குறிக்கிறது. அதைப் படித்து வரும் பிள்ளைகள் ‘ஒலித்தடை’ என்றால் டேம்பிங் என்றே எடுத்துக்கொள்வார்கள். பேரியர் செய்வது மறித்தல், ஒலிமறிப்பு எனலாம்.

மறிப்புக்கு இரண்டு நிபந்தனைகள்: எடை வேண்டும், ஓட்டை கூடாது. சதுர மீட்டருக்கு 5 கிலோ எடையுள்ள வினைல் விரிப்பு, அதற்கும் தகட்டுக்கும் இடையே 6 மி.மீ. மூடிய கண்ணறை நுரை (துளைகள் ஒன்றோடொன்று இணையாத வகை). போல்ட்டால் இறுக்கி நுரையை நசுக்கிவிட்டால் விரிப்பு தகட்டோடு சேர்ந்தே அதிரும். 30 டெசிபல் மறிக்கும் சுவரில் நூறில் ஒரு பங்கு திறப்பு இருந்தாலும் மறிப்பு 20 டெசிபலுக்குக் கீழே போய்விடும். மினியில் ஸ்பீடோமீட்டர் நடுவில் இருக்கும் வண்டிகளில், அதற்குப் பின்னே எஞ்சின் அறைச் சுவரில் பெரிய திறப்பு உண்டு. ஒயர், கேபிள் துளைகளின் குரோமெட்டுகளும் (ரப்பர் வளையங்கள்) காய்ந்து வெடித்திருக்கும். விரிப்பு வாங்குமுன் இவற்றை அடைக்கச் சொல்லுங்கள்.

அப்சார்பருக்கு ஒலி உறிஞ்சி போதும். ‘உட்கவரி’ பிழையில்லை, ஆனால் பட்டறையில் யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு எச்சரிக்கை அவசியம்: மினியில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் (சூடான புகையை வெளியேற்றும் குழாய்த் தொகுதி) கார்புரேட்டரும் எஞ்சினுக்கும் அந்தச் சுவருக்கும் இடையில் இருக்கின்றன. அங்கே சாதாரணத் திறந்த கண்ணறை நுரையை ஒட்டினால் எண்ணெயும் பெட்ரோலும் ஊறித் தீப்பிடிக்கும். வெப்பம் தாங்கும், மேற்பரப்பு மூடிய வகைதான் ஆகும்.

--------

மூன்றையும் ஏற்றுக்கொள்கிறேன், நன்றி. இன்னொன்று: எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் செய்யும் ‘ஐசொலேஷன்’?

--------

அதிர்வு விலக்கம். அதிர்வு எஞ்சினிலேயே இருக்கும், உடற்கூட்டுக்குப் போகாமல் விலக்கி வைக்கிறோம். அடக்கம் வேறு, விலக்கம் வேறு என்று எடுத்துக்காட்டோடு எழுதுங்கள். எஞ்சினின் மேற்புறத்தைச் சுவரோடு இணைக்கும் ஸ்டெடி பாரின் ரப்பர் புஷ் (இணைப்பில் உள்ள உறை) தேய்ந்தால் கிளட்சை விடும்போது எஞ்சின் ஆடி இடிக்கும், எக்ஸாஸ்ட் இணைப்பும் விடும். அதற்குக் கெட்டியான பாலியூரித்தேன் புஷ் போட்டால் ஆட்டம் நிற்கும், ஆனால் விலக்கம் குறைந்து உறுமல் உள்ளே கூடும். சத்தம் குறைய வேண்டுமானால் ரப்பர் புஷ்தான்.

இந்தப் பகுதியை விரிப்புகளுக்கு முன்னால் வையுங்கள். வால்வ் இடைவெளியையும் (குளிர்ந்த நிலையில் 0.30 மி.மீ.) அங்கேயே சேர்க்கலாம். அந்த இடைவெளி கூடினால் வரும் டாப்பெட் சத்தத்தை எந்த விரிப்பும் தீர்க்காது.