தாம்பரம் பக்கம் வீடு வாங்க எந்தத் தரகரை நம்புவது?

காவிரிக்கரை:

வணக்கம். நாங்கள் திருச்சியில் இருக்கிறோம். மகளுக்குத் தாம்பரம் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் வேலை கிடைத்து மூன்று வருடம் ஆகிறது, வாடகை வீட்டில் இருக்கிறாள். என் கணவருக்கு ஓய்வின்போது வந்த பணம், கொஞ்சம் வங்கிக் கடன் எல்லாம் சேர்த்து 65 லட்சத்துக்குள் முடிச்சூர், பெருங்களத்தூர் பக்கம் பழைய தனி வீடு தேடுகிறோம். மாதம் இரண்டு முறை ரயிலேறி வந்து பார்த்துவிட்டுப் போகிறோம்.

இதுவரை மூன்று தரகர்கள். ஒருவர் 2 சதவீதம் கமிஷன் கேட்கிறார், ஆனால் காட்டிய ஐந்து வீடும் எங்கள் கைக்கு எட்டாதவை. இன்னொருவர் போனையே எடுப்பதில்லை. மூன்றாமவர் காட்டிய வீடு மகளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கிழக்குப் பார்த்த வாசல், கிணறு, பின்னால் ஒரு முருங்கை மரம். 62 லட்சம் சொல்கிறார். உரிமையாளர் அமெரிக்காவில் இருக்கிறாராம், அவருக்காக விற்கும் அதிகாரப் பத்திரம் (பவர்) தன்னிடமே இருக்கிறது, அவரோடு பேச வேண்டியதில்லை என்கிறார். "இன்னொரு பார்ட்டி சாயங்காலம் வருது, ஒரு லட்சம் டோக்கன் அட்வான்ஸ் போட்டுடுங்கம்மா" என்று நேற்று மட்டும் நான்கு முறை போன். கொடுக்கலாமா? நல்ல தரகரை எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை.

முடிச்சூர்வாசி:

அம்மா, முதலில் டோக்கனை நிறுத்தி வையுங்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

நான் 2019-இல் இதே பகுதியில் வாங்கினேன். அதற்கு முன் எட்டு மாதம் அலைந்தேன். விளம்பரத்தைப் பார்த்துப் போன் செய்தால், வருகிற ஆளுக்கே அந்தத் தெரு புதிதாக இருக்கும், வழி கேட்டுக்கொண்டு வருவார். அவருக்குப் பின்னால் ஒருவர், அவருக்குப் பின்னால் இன்னொருவர் என்று நாலு கை. ஒரு வீட்டுக்கு எனக்கு 53 லட்சம் சொன்னார்கள். பிறகு தற்செயலாக வீட்டுக்காரரையே பார்த்துப் பேசினேன். அவர் சொன்னது 48. நடுவில் இருந்த ஐந்து லட்சத்தை நாலு பேரும் பங்கு போட்டுக்கொள்வதாக ஏற்பாடு.

அன்றிலிருந்து விளம்பரம் பார்ப்பதை விட்டுவிட்டேன். பிடித்த தெருக்களில் இஸ்திரி வண்டிக்காரரிடமும் மளிகைக்கடை அண்ணாச்சியிடமும் போய், "இங்கே வீடு கைமாறினால் யார் முடித்துக் கொடுப்பார்?" என்று கேட்டேன். இரண்டு பேரும் ஒரே பெரியவரைச் சொன்னார்கள். எக்ஸ்எல் வண்டியில் வந்தார். முதலில் காட்டிய வீடே எனக்குப் பிடித்துவிட்டது. அவர் கதவைத் திறக்கவில்லை. சுவரோரம் நின்று கரண்ட் மீட்டரைக் காட்டினார். "சார், இது ஏன் தலைக்கு மேல இருக்குன்னு பாருங்க." அதற்குக் கீழே, என் நெஞ்சு உயரத்தில், பழைய பலகை இருந்த இடத்தில் நாலு திருகு ஓட்டை. சிமெண்ட் வைத்து அடைத்திருந்தார்கள், பெயிண்ட் நிறம் மட்டும் ஒட்டவில்லை. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி வந்தபோது தண்ணீர் அந்த ஓட்டை வரைக்கும் நின்றதாம். அந்த வீடு விற்றால் அவருக்கும் கமிஷன் வரும். அப்படியிருந்தும் சொன்னார். இவர்தான் என் ஆள் என்று அங்கேயே முடிவு செய்தேன். ஐந்தாவதாகக் காட்டிய வீட்டை வாங்கினேன். பேசியபடி 1 சதவீதம், பத்திரம் பதிவான அன்று கொடுத்தேன்.

முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் எந்த வீடானாலும் 2015-இலும் 2023-இலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று தரகரிடம் கேளுங்கள். அப்புறம் அவர் இல்லாத நேரத்தில் பக்கத்து வீட்டில் கேளுங்கள். இரண்டு பதிலும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

பத்திர எழுத்து:

22 வருடமாக ஆவண எழுத்தராக இருக்கிறேன். அந்த 62 லட்சம் வீட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பவர் இருக்கிறது என்றால் நகலைக் கேளுங்கள். வெளிநாட்டில் எழுதிக் கொடுத்தது என்றால் அங்குள்ள இந்தியத் தூதரகச் சான்று இருக்கிறதா, இங்கே வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டினார்களா என்று பார்க்க வேண்டும். பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பவரும் போய்விடும். அதனால்தான் பதிவின்போது அவர் உயிருடன் இருக்கிறார் என்ற சான்று கேட்கிறார்கள். உரிமையாளரோடு வீடியோவில் பத்து நிமிடம் பேசாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

யாரும் கவனிக்காத ஒன்று வரி. 50 லட்சம் அல்லது அதற்கு மேல் விலை என்றால் வாங்குகிறவர் விலையில் 1 சதவீதத்தை விற்பவரின் வரியாக (டிடிஎஸ்) பிடித்துக் கட்ட வேண்டும், இது பலருக்குத் தெரியும். ஆனால் விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் அந்த 1 சதவீதக் கணக்கு செல்லாது, பிடிக்க வேண்டிய தொகை பல மடங்கு கூடும். பிடிக்காமல் விட்டால் வருமான வரித்துறை வாங்குகிற உங்களைத்தான் கேட்கும். ஆடிட்டரைப் பார்க்காமல் விலை பேசி முடிக்காதீர்கள்.

வில்லங்கத்தை, அதாவது அந்தச் சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமான விவரங்களை, பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே இலவசமாகப் பார்க்கலாம். அதில் பதிவான ஆவணங்கள் மட்டும்தான் வரும். அதனால் முந்தைய உரிமையாளரின் பழைய பத்திரமான தாய்ப்பத்திரத்திலிருந்து எல்லாவற்றையும் அசலாகக் காட்டச் சொல்லுங்கள்.

கிழக்குத் தாம்பரம்:

நானே தரகுத் தொழிலில் இருப்பவன். எங்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். நான் காட்டிய வீட்டை எனக்குத் தெரியாமல் நேரில் போய் முடித்துக்கொள்கிறவர்கள் நிறைய. அந்தப் பயத்தில்தான் சிலர் உரிமையாளரைக் கண்ணில் காட்டுவதில்லை. ஆகவே முதல் நாளே ஒரு தாளில் எழுதிவிடுங்கள்: எத்தனை சதவீதம், எப்போது, விற்பவரிடமும் வாங்குகிறாரா. எழுதிக் கொடுத்துவிட்டால் நேர்மையான ஆள் உரிமையாளர் நம்பரைத் தாராளமாகத் தருவார்.

ரெரா (வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் ஆணையம்) பதிவு எண் பற்றியும் கேட்பீர்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் அல்லது எட்டு வீட்டுக்கு மேல் கட்டி விற்கும் புதுத் திட்டங்களில் விற்கும் தரகருக்கு அது கட்டாயம். உங்களுடையது பழைய வீடு, எண் இல்லை என்பதாலேயே ஒருவரை ஒதுக்க வேண்டாம்.

காவிரிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. காலையில் அந்த மூன்றாவது தரகருக்குப் போன் செய்து, கமிஷனை எழுதிக் கொடுத்துவிடுகிறேன், உரிமையாளரோடு ஒரு தடவை பேச வையுங்கள் என்று கேட்டேன். பவர் நகலும் கேட்டேன். "இவ்வளவு சந்தேகம் இருந்தா வேற வீடு பாத்துக்கோங்க" என்று வைத்துவிட்டார். மகள் அழுதாள், அந்த முருங்கை மரத்தையே சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பல்லவன் ரயிலில் வருகிறோம். முடிச்சூர்வாசி தம்பி, அந்தப் பெரியவர் இன்னும் வீடு காட்டுகிறாரா?

முடிச்சூர்வாசி:

முழங்கால் வலியால் வண்டி ஓட்டுவதில்லை, அவர் மகன் கூட்டிக்கொண்டு வருகிறார் அம்மா. நான் சொல்லி வைக்கிறேன். வந்து இறங்கியதும் கிளம்பினால், இருட்டுவதற்குள் மூன்று வீடாவது பார்த்துவிடலாம்.