லூஸ் பிளேயருக்குத் தமிழ்: ‘சங்காய ஆட்டம்’ சரிப்படுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

போக்கர் சீட்டாட்டத்தில், கையில் என்ன சீட்டு வந்தாலும் விலகாமல் பந்தயத்தில் இறங்குகிறவரை ‘லூஸ் பிளேயர்’ என்பார்கள். அதற்குத் தமிழ் தேடும் இந்த இழையில் இதுவரை வந்த சொற்கள் எதுவும் எனக்கு ஒட்டவில்லை. ஏன் என்று சொல்லிவிட்டு, எங்கள் கடற்கரையிலிருந்து ஒன்றை முன்வைக்கிறேன்.

மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் 61 நாளும், ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. வலை பின்னும் கொட்டகையில் மதியத்துக்கு மேல் சீட்டுதான். துபாயிலிருந்து லீவில் வந்த மச்சான் ஒருவர் போக்கர் சொல்லிக்கொடுத்ததிலிருந்து ரம்மிக்கு மவுசு போய்விட்டது. காசு கிடையாது. ஆளுக்கு 150 புளியமுத்து. முத்து தீர்ந்தவர் எழுந்துவிட வேண்டும். கடைசியாக உட்கார்ந்திருப்பவருக்கு மற்றவர்கள் டீயும் வடையும் வாங்கித் தர வேண்டும். பிளைண்ட், அதாவது சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்க வேண்டிய பந்தயம், ஒன்றும் இரண்டும் முத்தாகத் தொடங்கி, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஏறும்.

அங்கே வைத்து, “சித்தப்பா லூஸ் பிளேயர், அவர்ட்ட பார்த்து ஆடுங்க” என்று சொல்லித் தொலைத்தேன். “யாருடா லூசு?” என்று எழுந்துவிட்டார். விளக்கம் சொல்லச் சொல்ல இன்னும் மோசமானது. ஆங்கிலச் சொல்லை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்பவர்கள் எங்கள் கொட்டகைக்கு ஒருமுறை வந்து போகவும்.

சரி, ‘தளர் ஆட்டக்காரர்’? தளர்நடை குழந்தைக்கு, தளர்ந்த உடம்பு கிழவருக்கு, தளர்வு ஊரடங்குக்கு. சித்தப்பாவிடம் தளர்ச்சி ஏதும் இல்லை. பத்துக் கை (ஒரு கைக்கு ஆளுக்கு இரண்டு சீட்டு) போட்டால் எட்டில் பந்தயம் வைத்து இறங்குவார். அந்தச் சுறுசுறுப்புதான் பிரச்சினையே. ‘நெகிழ் ஆட்டம்’ என்றால் மனம் நெகிழ்ந்து ஆடுகிற மாதிரி இருக்கிறது.

நான் முதலில் யோசித்தது ‘சிறுகண்ணி ஆட்டம்’. கண்ணி, அதாவது வலையின் துளை, சிறிதானால் வலையில் எல்லாம் தங்கும். ஆனால் இதைச் சென்னை நண்பரிடம் சொன்னபோது, “லூஸ் என்றால் கண்ணி பெரிதாகத்தானே இருக்க வேண்டும்?” என்று கேட்டார். கடல் தெரியாதவருக்குத் திசையே தலைகீழாகிவிடுகிறது. அதோடு, பேசும்போது ணகரமா னகரமா என்று காதுக்குத் தெரியாது. ‘சிறுகன்னி’ என்று கேட்டவர்களின் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதை விட்டுவிட்டேன்.

இப்போது முன்வைப்பது சங்காயம். வலையின் மடியைப் பிரித்துக் கொட்டியதும் இறால், நண்டு, கணவாய் எல்லாம் தனித்தனியே போகும். மிச்சம் கிடக்கும் பொடிமீன் கலவைக்கு இங்கே சங்காயம் என்று பேர். காயவைத்துக் கோழித் தீவனத்துக்குப் போகும். ராஜாவும் நாலும், ஒன்பதும் மூன்றும், அதுவும் வேறு வேறு பூவாக வந்தால் அது சங்காயக் கை. அதைக் கவிழ்த்து விலகிவிடாமல் ஆடுவது சங்காய ஆட்டம். ஆளைக் குறை சொல்லாமல் கையைச் சொல்வதால் சண்டையும் வராது.

சொல் பொருந்துகிறதா என்று ஆட்டத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு கையில் என்னிடம் ஆஸும் ராஜாவும். எல்லோருக்கும் பொதுவாக நடுவில் விழுந்த முதல் மூன்று சீட்டில் எனக்கு ஒன்றுமே இல்லை: ஒன்பது, நாலு, இரண்டு. பொய்ப் பந்தயம் வைத்துப் பயமுறுத்தலாம் என்று முப்பது முத்து தள்ளினேன். சித்தப்பா சீட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அதே அளவு முத்து வைத்து ஈடு கட்டினார். அடுத்த சீட்டிலும் ஒன்றும் வரவில்லை, அறுபது தள்ளினேன். அதற்கும் ஈடு கட்டினார். கடைசிச் சீட்டுக்குப் பிறகு திறந்தால் ஏழும் நாலும். “நாலுல ஒரு ஜோடி இருக்குல்ல? கவுக்கிறதுக்கா வந்து உக்காந்தேன்?” என்றார்.

தப்பு என்னுடையது. சங்காயம் அள்ளுகிறவரிடம் பொய்ப் பந்தயம் செல்லாது. தொடக்கத்தில் அது தேவையும் இல்லை. 150 முத்து கையில் இருக்கும்போது பிளைண்டாகக் கிடக்கும் மூன்று முத்தைத் திருடி என்ன ஆகப்போகிறது? நல்ல கை வரும்வரை கவிழ்த்துக்கொண்டே இருப்பதுதான் முறை. வந்துவிட்டால் கூச்சப்படாமல் நிறைய வைக்க வேண்டும். மற்ற இடத்தில் ஆறு முத்து என்றால் இங்கே பத்து, பன்னிரண்டு. ஜோடி ஆஸ் 221 கையில் ஒருமுறைதான் வரும். எதிரே ஏதோ ஒரு கையோடு ஒருவர் மட்டும் இருந்தால் நூற்றுக்கு 85 முறை அது ஜெயிக்கும். அதே மாதிரி நான்கு பேர் உள்ளே வந்துவிட்டால் 56தான். பத்துப் பேர் மலிவாக உள்ளே வர விடக்கூடாது என்பது அதனால்தான்.

சின்ன ஜோடி, அதாவது மூன்று மூன்று, ஐந்து ஐந்து என்று வந்தால் மட்டும் மலிவாக இறங்கிப் பார்க்கலாம். நடுவில் விழும் முதல் மூன்று சீட்டில் அதே எண் இன்னொன்று விழ ஏறக்குறைய எட்டுக்கு ஒரு வாய்ப்பு. விழாவிட்டால் உடனே கவிழ்த்துவிட வேண்டும். விழுந்தால் சித்தப்பா மாதிரி ஆள் கடைசி முத்துவரை தருவார். (ஆங்கிலத்தில் இப்படிப்பட்டவரை மீன் என்கிறார்கள். மீன்பிடிக்கிற ஊரில் அது எடுபடாது.)

இதற்கு எதிர்ச்சொல்லாக, நல்ல கையை மட்டும் பொறுக்கி எடுத்து ஆடுபவருக்கு ‘பருவலை ஆட்டம்’ என்று வைக்கலாம். பருவலையில் கண்ணி பெரிது. பெரிய மீன் மட்டும் மாட்டும், பொடி ஓடிவிடும். ‘இறுக்க ஆட்டம்’ என்பதில் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை, ஆனால் சங்காயத்தோடு ஜோடி சேராது.

ஒரு மறுப்பை நானே சொல்லிவிடுகிறேன். சங்காயம் என்றால் மதுரைக்கு மேற்கே யாருக்கும் புரியாதே என்பீர்கள். துருப்பு என்ற சொல்லும் சீட்டு ஆடாதவருக்குப் புரியாது. ஆடினால் பழகிவிடும். இழிவாக ஒலிக்கிறது என்றும் சிலர் சொல்லலாம். சங்காயத்துக்கும் எடைபோட்டு விலை உண்டு. சித்தப்பாவும் நாலு ஜோடியை வைத்து என் வடையைத் தின்றவர்தான்.

இன்னொரு சொல் பாக்கி இருக்கிறது. நிறையக் கைகளில் இறங்குவது வேறு, இறங்கியபின் கவிழ்க்காமல் ஈடு கட்டிக்கொண்டே போவது வேறு. சிலர் முதலாவதைச் செய்துவிட்டு, எதிரே பெரிய பந்தயம் விழுந்ததும் கவிழ்த்துவிட்டு ஓடிவிடுவார்கள். அவர்களிடம் பொய்ப் பந்தயம் செல்லும். இரண்டாவது வகைக்கு ‘ஈடுகட்டி’ என்று குறித்து வைத்திருக்கிறேன். ‘கைவிடாதவர்’ என்று மச்சான் சொல்கிறார், ஆனால் அது கடவுள் மாதிரி இருக்கிறது. உங்களிடம் வேறு ஏதும் உண்டா?

மண்டபத்திலிருந்து