வைஃபை இருக்கிறது, இணையம் இல்லை: நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

வைஃபை கோடுகள் முழுசாகத் தெரியும், ஒரு பக்கமும் திறக்காது. எங்கள் அலுவலகத்தில் என்னை அதிகம் கூப்பிடுவது இதற்குத்தான். போன வாரமும் ஒரு அறையில் இருந்த எல்லோருக்கும் இதே கதை. நான் முதலில் பார்ப்பது ஐபி முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் இருக்கும் எண்ணை. அது 169.254 என்று தொடங்கியது. பாதி விடை அங்கேயே கிடைத்துவிட்டது.

நெட்வொர்க்கில் சேரும் கருவிகளுக்கு முகவரி கொடுப்பது டிஎச்சிபி என்ற சேவை. வீடுகளில் பெரும்பாலும் ரௌட்டரே அதைச் செய்துவிடும். கணினி முகவரி கேட்டும் பதில் வராவிட்டால், 169.254 வரிசையில் தானே ஒன்றை எடுத்துக்கொள்ளும். அதை வைத்துப் பக்கத்தில் இருக்கும் கருவிகளோடு பேசலாம், ரௌட்டரைத் தாண்ட முடியாது. அதனால் இணைய நிறுவனத்துக்கு போன் போட வேண்டியதில்லை, கோளாறு கட்டிடத்துக்குள்தான். தேடிப் பார்த்தால், வைஃபை சிக்னல் கொடுக்கும் பெட்டியான அக்சஸ் பாயிண்ட்டில் இருந்து, கேபிள்களை ஒன்றுசேர்க்கும் சுவிட்சுக்குப் போகும் கேபிள் கழன்று கிடந்தது. வைஃபை கோடுகள் காட்டுவது அக்சஸ் பாயிண்ட் வரைக்குமான ரேடியோ இணைப்பை மட்டும்தான். இதை எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை.

*

எனக்கு நேர்ந்தது இதற்கு நேர் எதிர். முகவரி ஒழுங்காக 192.168.1 வரிசையில் வந்தது, ஆனாலும் சில போன்களில் இணையம் வரும், சிலவற்றில் வராது. மாடியில் சிக்னல் போதவில்லை என்று யாரோ பழைய ரௌட்டர் ஒன்றைக் கேபிளில் சேர்த்திருந்தார்கள். அதுவும் முகவரி கொடுக்கத் தொடங்கிவிட்டது. இரண்டு ரௌட்டருக்குமே முகவரி 192.168.1.1! வெளியே போகும் வாசல், அதாவது கேட்வே, எது என்பதில் கருவிகளுக்கே குழப்பம். எந்த ஐபி எந்தக் கருவியுடையது என்று கணினி குறித்து வைத்திருக்கும் ஏஆர்பி பட்டியலைப் பார்த்தபோது, ஒரே ஐபிக்கு ஒரு கணினியில் ஒரு மேக் முகவரி (கருவியின் வன்பொருள் எண்), இன்னொன்றில் வேறு மேக் முகவரி. விஷயம் தெளிவாகிவிட்டது. பழைய ரௌட்டரில் டிஎச்சிபியை அணைத்து, அதற்கு வேறு முகவரி கொடுத்ததும் சரியானது.

பக்கத்து வீட்டிலும் 192.168.1.1 இருக்கிறதே, அது மோதாதா என்று கேட்பவர்கள் உண்டு. மோதாது. இந்த நான்கு எண் முகவரி முறையான ஐபிவி4-இல் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான். அதனால் 10, 192.168 போன்ற வரிசைகளை உள் உபயோகத்துக்கென்று ஒதுக்கிவிட்டார்கள். வெளியே போகும்போது ரௌட்டர் அதைத் தன் பொது முகவரியாக மாற்றி அனுப்பும். இதுதான் நாட் (NAT) என்பது.

*

என் அனுபவம் டிஎன்எஸ், அதாவது தளத்தின் பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தரும் சேவை. உலாவியில் எந்தத் தளமும் திறக்கவில்லை, ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வீடியோ அழைப்பு மட்டும் அறுபடவே இல்லை. கூகுளின் 8.8.8.8 முகவரிக்கு பிங், அதாவது பதில் வருகிறதா என்று பார்க்கும் சின்னச் சோதனை, கொடுத்தேன், பதில் வந்தது. அப்படியானால் பாதை நன்றாக இருக்கிறது, டிஎன்எஸ்தான் படுத்துவிட்டது. வீடியோ அழைப்புக்கு எண் முன்பே கிடைத்துவிட்டதால் அதற்குப் பாதிப்பில்லை.

ஒரு காலத்தில் எல்லாக் கணினிகளின் பெயரும் ஒரே கோப்பில் இருந்தது. அது கட்டுப்படியாகாமல்தான் 1983-இல் பால் மோகாபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார். வேறு டிஎன்எஸ் முகவரியைப் போட்டதும் தளங்கள் திறந்தன. மாற்றிய பிறகும் சில தளங்கள் வரவில்லை என்றால், கணினி நினைவில் வைத்திருக்கும் பழைய பதிலை அழித்துவிட்டுப் பாருங்கள்.

*

முதலில் எழுதியவருக்கு ஒரு சேர்க்கை. புதிய முகவரி முறையான ஐபிவி6-இல் எஃப்இ80 என்று தொடங்கும் முகவரியும் தெரியும். அதுவும் பக்கத்தில் பேச மட்டுமே, ஆனால் நன்றாக வேலை செய்யும் கணினியிலும் அது இருக்கும். அதைப் பார்த்து டிஎச்சிபி கோளாறு என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.