மூணு 1440பி மானிட்டருக்கு எவ்வளவு பெரிய கம்ப்யூட்டர் வேண்டும்? (ஒரே அகலத்திரை போதும் என்பவர்களும் வரலாம்)

புதுக்கட்டு:
தேவை இதுதான். 27 அங்குலம், 2560 × 1440, 165 ஹெர்ட்ஸ், ஒரே மாடலில் மூன்று மானிட்டர். பாதி நேரம் கார் ரேஸிங் சிமுலேட்டர், கொஞ்சம் விமானச் சிமுலேட்டர், மீதி சாதாரண கதை விளையாட்டுகள். கம்ப்யூட்டர் முழுக்கப் புதிதாகக் கட்ட வேண்டும். பழைய பதிவுகளில் இரண்டு கிராபிக்ஸ் கார்டை எஸ்எல்ஐ முறையில் இணைக்கச் சொல்கிறார்கள். இப்போதும் அதுதான் வழியா? பிராசசரில் மிச்சம் பிடித்து அந்தப் பணத்தைக் கார்டில் போடலாமா?

நேர்கோடு:
எஸ்எல்ஐ செத்து நாளாகிறது. ஒரு காலத்தில் அதற்குக் காரணம் இருந்தது. என்விடியாவின் பழைய சிப்கள் ஆளுக்கு இரண்டு மானிட்டரைத்தான் ஓட்டும், அதனால் மூன்று திரை என்றால் இரண்டு சிப் கட்டாயம். 2012இல் ஜிடிஎக்ஸ் 680 வந்ததும் அந்தத் தேவை போயிற்று. ஏஎம்டி 2009லேயே ஐஃபினிட்டி என்று ஒரே கார்டில் கொடுத்துவிட்டது. ஆர்டிஎக்ஸ் 4090இல் இரண்டு கார்டை இணைக்கும் கனெக்டரே கிடையாது.

செத்ததற்குக் காரணமும் தெரிந்துகொள்ளுங்கள். எஸ்எல்ஐயில் ஒற்றைப்படை ஃப்ரேமை (திரையில் அடுத்தடுத்து வரும் படங்களில் ஒன்று) ஒரு கார்டும் இரட்டைப்படையை இன்னொன்றும் வரையும். இன்றைய விளையாட்டுகள் போன ஃப்ரேமின் தகவலை எடுத்துத்தான் இந்த ஃப்ரேமைச் செதுக்குகின்றன. ஆக ஒரு கார்டு மற்றதற்காகக் காத்து நிற்கும். மெமரியும் ஒன்றுசேராது, 16 ஜிபி கார்டு இரண்டு போட்டாலும் 16தான்.

என் கேள்வி வேறு. மூன்று மானிட்டர் எதற்கு? 7680 × 1440 என்றால் 1 கோடியே 10 லட்சம் பிக்சல். 4கே திரையே 83 லட்சம்தான். 49 அங்குல வளைந்த அகலத்திரை, 5120 × 1440, 74 லட்சம். ஒரு கேபிள், நடுவில் கறுப்புச் சட்டம் கிடையாது, டிரைவரோடு மல்லுக்கட்ட வேண்டாம். மூன்று திரைக்கு ஒன்றரை மடங்கு வேலை செய்யும் கார்டு வேண்டும், அவ்வளவு வித்தியாசம்.

சுக்கான்:
பிக்சலை எண்ணினீர்கள், கோணத்தை எண்ணவில்லை. 27 அங்குல மானிட்டரின் படப்பகுதி ஏறக்குறைய 59.8 செ.மீ. அகலம். கண்ணிலிருந்து 60 செ.மீ. தூரத்தில் அது 53 டிகிரியை அடைக்கும். பக்கத்து இரண்டையும் அதே 53 டிகிரி மடக்கி, அதே தூரத்தில் வைத்தால் மொத்தம் 159 டிகிரி. உங்கள் 49 அங்குலத் திரை, 1000ஆர் (1 மீட்டர் ஆர வட்டத்தின்) வளைவே இருந்தாலும், அதே 60 செ.மீ. தூரத்தில் ஏறக்குறைய 105தான். வளைவில் நம் கதவோரம் ஒட்டி வரும் கார் 70, 80 டிகிரியில் இருக்கும். அகலத்திரையில் அது தெரியாது. பக்கத்துக் காரைக் காட்டும் ரேடார் பொம்மையைப் பார்த்து ஓட்ட வேண்டியதுதான்.

நேர்கோடு:
159 டிகிரி என்று சொல்வது எளிது. விளையாட்டு அதை எப்படி வரைகிறது என்று பாருங்கள். பெரும்பாலான விளையாட்டுகளில் ஒரே கேமரா, ஒரே தட்டைப் பரப்பு. மூன்று திரையையும் ஒரே திரையாகக் காட்டும் என்விடியா டிரைவரின் சர்ரவுண்டில் ஒன்றாக்கினாலும் அது ஒரு நீளமான தட்டைப் படம்தான். அப்படிப்பட்ட படத்தில் மையத்திலிருந்து 60 டிகிரி விலகினால், நடுவில் 1 செ.மீ. பிடிக்கிற கோணம் அங்கே 4 செ.மீ. பிடிக்கும். மரமெல்லாம் மிட்டாய் இழுத்தது மாதிரி ஓடும். அந்த இழுபட்ட பகுதியை வரையத்தான் கார்டின் மூன்றில் இரண்டு பங்கு உழைப்பும் போகிறது.

எல்டன் ரிங் மாதிரி சில விளையாட்டுகள் 16:9ஐத் தாண்டவே விடாது, இரு பக்கமும் கறுப்புப் பட்டைதான். கேட்டவர் கதை விளையாட்டும் ஆடுகிறேன் என்கிறார், கவனிக்கவும்.

சுக்கான்:
கதை விளையாட்டு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, அதில் தகராறு இல்லை. ஆனால் கேட்டவருக்குப் பாதி நேரம் ரேஸிங். ஐரேசிங், பழைய அசெட்டோ கோர்சா, ஆர்ஃபேக்டர் 2 எல்லாவற்றிலும் திரைக்கு ஒரு கேமரா என்று மூன்று தனித்தனிக் கோணத்தில் வரையும் வசதி உண்டு. எக்ஸ்-பிளேன் விமானச் சிமுலேட்டரிலும் ஒவ்வொரு மானிட்டருக்கும் எத்தனை டிகிரி திருப்பம் என்று தனியாகக் கொடுக்கலாம். அதைப் போட்டால் இழுவை இருக்காது, மூன்று ஜன்னல் வழியே பார்ப்பது மாதிரி நேராக இருக்கும்.

அதற்கு நான்கு அளவு வேண்டும்: திரை அகலம், சட்டத்தின் அகலம், கண்ணுக்கும் நடுத்திரைக்கும் உள்ள தூரம், பக்கத்திரையின் கோணம். டேப்பால் மில்லிமீட்டரில் அளக்கவும். தப்பு நடக்கும் இடங்கள் மூன்று.

முதலாவது, விளையாட்டு கேட்பது படம் தெரியும் அகலமா, சட்டத்தோடு சேர்ந்ததா என்று பார்க்காமல் போடுவது. இரண்டாவது, சட்டத் திருத்தத்தை (சட்டத்துக்குப் பின்னால் மறையும் படப்பகுதிக்கு இடம் விடுவது) டிரைவரிலும் போட்டு விளையாட்டிலும் போடுவது. அப்படிச் செய்தால் சாலை சட்டத்தைத் தாண்டும்போது இரண்டு தடவை வெட்டுப்படும். மூன்று கேமரா உள்ள விளையாட்டென்றால் டிரைவரில் பூஜ்யமாக விடுங்கள். மூன்றாவது, 1000ஆர் வளைந்த மானிட்டர் மூன்று வாங்குவது. விளையாட்டு தட்டைத் திரை என்று கணக்குப் போட்டு வரைகிறது. வளைவில் அந்தக் கணக்கு நிற்காது.

பிராசசரில் மிச்சம் பிடிக்க வேண்டாம். மூன்று கேமரா என்றால் எதை எதை வரைய வேண்டும் என்று கார்டுக்கு அனுப்பும் பட்டியலையும் மூன்று தடவை தயாரிக்க வேண்டும். அதோடு முப்பது காரின் இயற்பியல் வேறு. ரைசன் 7 9800எக்ஸ்3டி மாதிரி 96 எம்பி எல்3 கேச் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி) உள்ளதைப் போடுங்கள்.

நேர்கோடு:
இதை ஒப்ப முடியாது. 1 கோடியே 10 லட்சம் பிக்சலில் முட்டுவது கார்டுதான். எந்த நல்ல புதிய ஆறு கோர் பிராசசரும் போதும். மிச்சப் பணம் கார்டுக்கே போகட்டும்.

சுக்கான்:
விவாதிப்பதற்குப் பதில் சோதிக்கலாம். முழு கார்கள் நிற்கும் தொடக்க வரிசையில், விளையாட்டின் ரெண்டர் அளவை (உள்ளே படம் வரையும் அளவு) 50 சதவீதத்துக்கு இறக்குங்கள். ஃப்ரேம் எண்ணிக்கை எகிறினால் கார்டு முட்டுகிறது. அப்படியே நின்றால் பிராசசர். தனியாக ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு பிராசசர் சும்மா இருக்கிறது என்று சொல்பவர்கள்தான் அதிகம். முதல் வளைவில் எல்லோரும் குவியும்போதுதான் 140 எஃப்பிஎஸ் (வினாடிக்கு ஃப்ரேம்) 70க்கு விழும், அப்போது எந்தக் கார்டும் காப்பாற்றாது.

ஒன்றை மட்டும் உங்கள் பக்கம் சேர்த்துச் சொல்கிறேன். என்விடியா கார்டில் ஒரே தடவை உருவத்தைத் தயாரித்துப் பல கோணத்தில் விழவைக்கும் வசதி 2016இன் பாஸ்கல் தலைமுறையிலிருந்து உண்டு. ஐரேசிங் அதைப் பயன்படுத்துகிறது. அங்கே பிராசசர் சுமை குறையும். எல்லா விளையாட்டிலும் இல்லை.

நேர்கோடு:
தொடக்க வரிசை பற்றிச் சொன்னது நியாயம். விமானத்திலும் பெரிய விமான நிலையத்தின் மேல் அதே கதிதான். சரி, எக்ஸ்3டி வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம்.

புதுக்கட்டு:
அப்படியானால் கார்டு? ஆர்டிஎக்ஸ் 5090 இல்லாமல் முடியாதா? மெமரி 16 ஜிபி போதுமா? மூன்று திரைக்கு மூன்று மடங்கு மெமரி என்று படித்தேன்.

சுக்கான்:
மூன்று மடங்கு என்பது கட்டுக்கதை. 7680 × 1440 படம் ஒன்று, பிக்சலுக்கு 4 பைட் வீதம், 44 எம்பி. விளையாட்டு அப்படிப் பத்துப் பதினைந்து வைத்துக்கொண்டாலும் ஒரு ஜிபிக்குள்தான். மெமரியைத் தின்பது டெக்ஸ்சர், அதாவது பொருள்களின் மேல் போர்த்தும் படங்கள். அது திரை எத்தனை என்பதைப் பொறுத்ததல்ல. 16 ஜிபி தாங்கும். 12 ஜிபியில் விமானச் சிமுலேட்டர் டெக்ஸ்சரைக் குறைக்கச் சொல்லும்.

ஆர்டிஎக்ஸ் 5080 போதும் என்பது என் கணக்கு. டிஎல்எஸ்எஸ் (சிறிதாக வரைந்து பெரிதாக்கும் என்விடியா வசதி) உள்ள விளையாட்டில் குவாலிட்டி வைத்தால் உள்ளே வரைவது 5120 × 960, அதாவது 49 லட்சம் பிக்சல்தான். ரேஸிங் சிமுலேட்டர் எல்லாவற்றிலும் அது இருக்கும் என்று நம்ப வேண்டாம். இல்லாத இடத்தில் முதலில் நிழல், கண்ணாடிப் பிரதிபலிப்பு இரண்டையும் குறைக்கவும். பின்பார்வைக் கண்ணாடி ஒவ்வொன்றும் இன்னொரு கேமரா, அது பலருக்கு உறைப்பதில்லை.

நேர்கோடு:
அகலத்திரை என்றால் 5070 டிஐ அல்லது ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டியிலேயே முடிந்திருக்கும். இரண்டிலும் அதே 16 ஜிபி. பதிவுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

ஆம்பியர்:
கார்டு எது என்று நீங்கள் முடிவு செய்யுங்கள். அதற்கு மின்சாரம் போகும் வழியை யாரும் பேசவில்லை.

5080க்கு 360 வாட், என்விடியா 850 வாட் பவர் சப்ளை சொல்கிறது. 5090 என்றால் 575 வாட், 1000 வாட் சப்ளை. ஏடிஎக்ஸ் 3.0 அல்லது 3.1 தரம் என்று எழுதியிருப்பதை வாங்கவும். கார்டு ஒரு கணம் எக்கச்சக்கமாக இழுக்கும். 100 மைக்ரோவினாடிக்கு இரட்டிப்புச் சுமை வந்தாலும் அணையாமல் தாங்க வேண்டும் என்பது அந்தத் தரத்தின் நிபந்தனை. பழைய சப்ளை அந்தக் கணத்தில் அணைந்துவிடும். நீங்கள் விளையாட்டு கிராஷ் ஆகிறது என்று டிரைவரை மாற்றிக்கொண்டிருப்பீர்கள்.

அந்தச் சின்ன 16 பின் கனெக்டர். 575 வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் 48 ஆம்பியர். 12 வோல்ட் வரும் ஆறு பின் பகிர்ந்தால் பின்னுக்கு 8. பின்னின் தாங்கும் அளவு 9க்குச் சற்று மேல்தான். ஒரு பின் சரியாகத் தொடவில்லை என்றால் அதன் பங்கு மற்றவற்றின் மேல் ஏறும், அங்கேதான் உருகும். உள்ளே தள்ளி, இடைவெளி தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்து, மெதுவாக இழுத்தும் பாருங்கள். கனெக்டரிலிருந்து 3.5 செ.மீ. வரை கேபிளை மடக்கக் கூடாது. அதனால் கேபினெட்டின் பக்கக் கதவுக்கும் கார்டுக்கும் நடுவே இடம் இருக்கிறதா என்று வாங்கும் முன்னே அளக்கவும். 12வி-2×6 என்ற திருத்திய வடிவில், இணைப்பைச் சோதிக்கும் உணர்வுப் பின்கள் குட்டை. சரியாக நுழையாவிட்டால் கார்டு மின்சாரமே எடுக்காது.

இன்னொன்று. பழைய சப்ளையின் மாடுலர் (கழற்றி மாட்டும்) கேபிளைப் புதியதில் செருகாதீர்கள், ஒரே கம்பெனி என்றாலும். சப்ளை பக்கத்துப் பின் வரிசை மாடலுக்கு மாடல் மாறும். எஸ்எஸ்டிக்கு 5 வோல்ட் இடத்தில் 12 போனால் அதோடு சரி.

புதுக்கட்டு:
மானிட்டர் கேபிள்? கார்டில் மூன்று டிஸ்ப்ளே போர்ட், ஒரு எச்டிஎம்ஐ. எதில் வேண்டுமானாலும் போடலாமா?

ஆம்பியர்:
மூன்றையும் டிஸ்ப்ளே போர்ட்டிலேயே. ஒன்றை எச்டிஎம்ஐயில் போட்டால் ரெஃப்ரெஷ் ஒத்திசைவில் வம்பு வரும். மதர்போர்டின் போர்ட்டில் ஒன்றைச் செருகினால் சர்ரவுண்ட் பட்டியலிலேயே அது வராது. மூன்றும் ஒரே கார்டில் இருக்க வேண்டும்.

1440பி 165 ஹெர்ட்ஸுக்கு வினாடிக்கு ஏறத்தாழ 16 கிகாபிட் போதும், டிஸ்ப்ளே போர்ட் 1.4 கிட்டத்தட்ட 26 தாங்கும். எனவே படத் தகவலைச் சுருக்கி அனுப்பத் தேவையில்லை. பின்னால் 4கே 240 ஹெர்ட்ஸுக்கு மாறும் எண்ணத்தில் ஆர்டிஎக்ஸ் 40 தலைமுறைக் கார்டு வாங்குவதாக இருந்தால் யோசியுங்கள். கார்டுக்குள் படம் அனுப்பும் தடம் நான்குதான், அப்படிப்பட்ட மானிட்டர் ஒன்றுக்கு இரண்டு பிடிக்கும். மூன்றாவது இருட்டாகவே இருக்கும். கேபிளை மாற்றி மாற்றிப் போட்டும் பயனில்லை.

கேபிள் 2 மீட்டருக்குள், சான்று பெற்றதாக. மலிவான கேபிள் சிலவற்றில் 20ஆம் பின்னை இணைத்திருப்பார்கள். மானிட்டரிலிருந்து கார்டுக்கு மின்சாரம் கசிந்து கம்ப்யூட்டர் ஆன் ஆகாமல் முரண்டு பிடிக்கும்.

நேர்கோடு:
நாலாவதாக ஒரு 60 ஹெர்ட்ஸ் மானிட்டரை அரட்டைக்கு மாட்டலாம் என்ற ஆசை வரும். வேகம் வேறுவேறாக இருந்தால், சும்மா இருக்கும்போதும் கார்டின் மெமரி உச்ச வேகத்திலேயே நிற்கும். மெமரி வேகத்தை மாற்றுவதற்கு இரண்டு ஃப்ரேமுக்கு நடுவே கிடைக்கும் சின்ன இடைவெளி வேண்டும், திரைகளின் தாளம் ஒத்துவராவிட்டால் அது கிடைக்காது. டெஸ்க்டாப்பில் 165 ஹெர்ட்ஸ் திரைகளை 120க்கு இறக்கினால் பல சமயம் அடங்கும்.

ரேம் இரண்டு குச்சிதான். டிடிஆர்5-6000, 2 × 16 அல்லது 2 × 32. நான்கு போட்டால் ரைசனில் ஏஎம்டி உறுதி தருவது 3600 வரைதான். முதல் தடவை ஆன் செய்யும்போது சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கும், ரேமைப் பழக்கிக்கொள்கிறது. பயந்து பவரை அணைத்தால் மறுபடி முதலிலிருந்து.

சுக்கான்:
அமைக்கும் வரிசை: ஒரு மானிட்டரோடு விண்டோஸ், பிறகு டிரைவர். அதன் பின் மற்ற இரண்டையும் மாட்டி, மூன்றும் 165இல் இருக்கிறதா என்று விண்டோஸில் பார்க்கவும். புது மானிட்டர் 60இல்தான் எழும், அதை மாற்றாமலே சர்ரவுண்ட் போட்டால் மொத்தமும் 60இல் நிற்கும். திறந்திருக்கும் பிரவுசர், அரட்டை எல்லாவற்றையும் மூடிவிட்டு சர்ரவுண்டை ஆன் செய்யவும். டிரைவர் புதுப்பித்தால் அமைப்பு கலைந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நேர்கோடு:
கதை விளையாட்டுக்கு சர்ரவுண்டை ஆஃப் செய்துவிட்டு நடுத்திரையில் மட்டும் ஆடுங்கள், அதற்கு ஷார்ட்கட் கீ வைக்கலாம். 37 லட்சம் பிக்சலுக்கு 5080 தூங்கிக்கொண்டே ஓடும். அந்த நேரத்தில் பக்கத்து இரண்டும் வெறும் அலங்காரம் என்பதில் நான் மாறவில்லை.

புதுக்கட்டு:
சரி: 9800எக்ஸ்3டி, 5080, 2 × 32 ரேம், 1000 வாட் ஏடிஎக்ஸ் 3.1, மூன்று தட்டைத் திரை, மூன்று டிஸ்ப்ளே போர்ட் கேபிள். மானிட்டரோடு வரும் ஸ்டாண்டிலேயே வைத்துக்கொள்ளலாமா?

சுக்கான்:
முடியாது. 53 டிகிரி மடக்கினால் ஸ்டாண்டின் கால்கள் ஒன்றோடொன்று இடிக்கும், சட்டங்கள் ஒட்டாது. நடுவில் இரண்டு விரல் இடைவெளி விழும். பின்னால் 100 × 100 மி.மீ. இடைவெளியில் திருகுத் துளை உள்ள மாடலாகப் பார்த்து, மூன்று திரைக்கான தனித் தாங்கியில் மாட்டுங்கள். ஒவ்வொரு திரைக்கும் உயரம் தனியாக நகர்த்தும் திருகு இருக்கிறதா என்று பார்த்து வாங்கவும். ஒரு பக்கம் 3 மி.மீ. தாழ்ந்தாலும் அடிவானக் கோடு சட்டத்தில் ஒடிந்து நிற்கும்.

ஆம்பியர்:
ஸ்டீயரிங்கை அதே மேசையில் மாட்டினால் திரை மூன்றும் ஆடும். தாங்கி தரையில் தனியாக நிற்கட்டும். அதற்கேற்பத் திரை தள்ளிப் போகுமே, 2 மீட்டர் கேபிள் போதுமா என்று முதலில் நூல் விட்டு அளந்து பாருங்கள்.